படகு கரையேறும் 61 நாளில் டொமைன் கணக்கையும் கரையேற்றுங்கள்

தொண்டி முதல் சாயல்குடி வரை, அடுத்தவருக்காக டொமைன் பெயர்களைப் பார்த்துக்கொள்ளும் வெப் டிசைனர்களுக்கும், கம்ப்யூட்டர் சென்டர்காரர்களுக்கும், ஹோஸ்டிங் விற்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாளில் படகைக் கரையில் ஏற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள். நடுக்கடலில் நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தப் படகுக்காரரும் இருப்பதில்லை. நாம்தான் அப்படி இருக்கிறோம். ராமேஸ்வரம் விடுதிகள், மண்டபத்து கடல் உணவு ஏற்றுமதிக்காரர்கள், கீழக்கரை டிராவல்ஸ்கள், முண்டு மிளகாய் வியாபாரிகள், கருப்பட்டிக் கடைகள் என்று ஒவ்வொருவரும் நம்மிடம் விட்டுவைத்த டொமைன் பெயர்கள், அதாவது இணைய முகவரிப் பெயர்கள், ஐம்பது, நூறு, இருநூறு என்று சேர்ந்துவிட்டன. அவற்றை ஒருமுறைகூட நாம் முழுதாகக் கரையேற்றிப் பார்த்ததில்லை. வருகிற தடைக்காலத்தில் அதைச் செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் பார்க்க வேண்டியது, பெயர் யார் பேரில் இருக்கிறது என்பதை. அவசரத்தில் நம் பெயர், நம் ஜிமெயில், நம் கைபேசி எண் போட்டு டொமைன் எடுத்துவிடுகிறோம். வாடிக்கையாளருக்கு விவரம் தெரியாது, அதனால் கேட்பதும் இல்லை. பதிவுப் படிவத்தில் 'ஆர்கனைசேஷன்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் எந்த நிறுவனத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதோ, டாட் காம் போன்ற பெயர்களில் அந்த நிறுவனமே உரிமையாளராகக் கொள்ளப்படும். காசு கொடுத்தவரா, வாசலில் போர்டு வைத்தவரா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. உங்கள் டிசைன் கம்பெனியின் பெயர் அந்தக் கட்டத்தில் இருந்தால், ஊரார் மனைக்கு உங்கள் பேரில் பட்டா வாங்கி வைத்திருக்கிறீர்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்வதில்லை, சரிதான். ஆனால் கூட்டாளி பிரிந்தாலோ, கடையை மூடினாலோ, உங்களுக்கே ஏதாவது ஆனாலோ, விடுதிக்காரர் கையில் ஒரு துண்டுச் சான்றும் இருக்காது.

ஜிஎஸ்டி சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து நிறுவனப் பெயர் அந்தக் கட்டத்தில் வர வேண்டும். உரிமையாளர் கட்டத்தில் முதலாளி அல்லது பங்குதாரரின் பெயர். டெக்னிக்கல் கான்டாக்ட் என்று தனியாக இருந்தால் அதில் மட்டும் நீங்கள்.

அடுத்தது மெயில். உரிமையாளரின் மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. விடுதியின் பெயரில் டொமைன், அந்த டொமைனிலேயே மெயில், அந்த மெயிலையே பதிவிலும் கொடுத்திருப்பார்கள். டொமைன் காலாவதியானதும் மெயில் நிற்கும். கணக்கைத் திறக்க ரீசெட் லிங்க் கேட்டால், அது நின்றுபோன அந்த மெயிலுக்கே போகும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். முதலாளியின் சொந்த ஜிமெயிலும் அவ்வளவு நல்லதல்ல; மேலாளர் மாறும்போதும் பிள்ளைகள் தொழிலுக்கு வரும்போதும் அதைப் பிரிக்க முடியாது. நிறுவனத்துக்கென்று தனி ஜிமெயில் ஒன்று திறந்து, அதில் இரண்டு பேருக்கு வழி வைத்து, மீட்பு எண்ணாக முதலாளியின் எண்ணைக் கொடுங்கள்.

கீழக்கரையில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. கடை இங்கே, முதலாளி துபாயில். டாட் காம் போன்ற பெயர்களில் புதிதாகப் பதிந்தாலோ மெயில் முகவரியை மாற்றினாலோ, ரெஜிஸ்ட்ரார், அதாவது பெயரை நாம் வாங்கிப் பதியும் நிறுவனம், ஒரு சரிபார்ப்பு மெயில் அனுப்புவார். அதிலுள்ள லிங்கை 15 நாளுக்குள் தட்டாவிட்டால் பெயர் முடக்கப்படும். துபாயில் இருப்பவர் அதைப் பார்த்து ஏதோ மோசடி மெயில் என்று அழித்துவிடுவார். மோசடி மெயில்களைத் தொடாதீர்கள் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் நாம்தானே! ஆகையால் மாற்றம் செய்வதற்கு முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவைத்து, மெயில் வந்ததும் போனில் இருந்தபடியே தட்டச் சொல்லுங்கள். ஓடிபி போகும் இந்திய சிம் அவருடைய பழைய பையில் கிடந்தால் அதுவும் ஆபத்து. பயன்படுத்தாத ப்ரீபெய்ட் எண் 90 நாள் கழிந்தால் துண்டிக்கப்படலாம், பிறகு வேறொருவர் கைக்குப் போகும். எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பாமல், போனிலேயே எண்ணை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் ஆப் வையுங்கள். அது தரும் பேக்கப் எண்களைத் தாளில் அச்சடித்து, கடையின் பத்திரங்கள் இருக்கும் அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

உரிமையாளர் பெயரைத் திருத்தப் போகிறவர்கள் ஒரு வரிசையைக் கவனியுங்கள். பெயர், நிறுவனம், மெயில் மூன்றில் எதை மாற்றினாலும், வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாதபடி 60 நாள் பூட்டு விழலாம். சில ரெஜிஸ்ட்ரார்கள் மாற்றத்துக்கு முன்பே அந்தப் பூட்டு வேண்டாம் என்று சொல்ல வழி தருகிறார்கள். மாற்றிய பிறகு கேட்டால் கிடைக்காது. புதிதாக வாங்கிய பெயருக்கும், இப்போதுதான் ரெஜிஸ்ட்ரார் மாறி வந்த பெயருக்கும் இதே 60 நாள் உண்டு. எனவே இரண்டும் செய்ய வேண்டியிருந்தால் எதை முதலில் செய்வது என்று முன்கூட்டியே முடிவெடுங்கள். காலாவதிக்கு 40 நாள் இருக்கும்போது பெயரைத் திருத்திவிட்டு, அதன்பின் வேறிடத்துக்கு மாற்றலாம் என்று போவது நாமே வலையில் போய் விழுவது.

இனி கணக்குப் புத்தகம். எக்செல் ஷீட் போதும், விலையுள்ள மென்பொருள் தேவையில்லை. டொமைன், உண்மையான உரிமையாளர், பதிவில் உள்ள உரிமையாளர், பதிவில் உள்ள மெயில், ரெஜிஸ்ட்ரார், எந்த லாகின், காலாவதி நாள், ஆட்டோ ரினியூ உண்டா இல்லையா, வேறிடத்துக்கு மாற்ற முடியாதபடி லாக் போட்டிருக்கிறதா, நேம்சர்வர் (அந்தப் பெயரின் வெப்சைட், மெயில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சர்வர்) எது, மெயில் எங்கே ஓடுகிறது, வெப்சைட் எங்கே இருக்கிறது, பணம் யார் கட்டுகிறார், முடிவெடுக்கும் இரண்டு பேரின் எண்கள். உண்மையான உரிமையாளரும் பதிவில் உள்ள உரிமையாளரும் ஏன் இரண்டு தனிக் கட்டம் என்று கேட்பீர்கள். இரண்டும் ஒன்றாக இல்லாத வரிகளுக்கு மஞ்சள் நிறம் கொடுத்துப் பாருங்கள், உங்கள் 61 நாள் வேலை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

பட்டியலை நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஒவ்வொரு ரெஜிஸ்ட்ரார் கணக்கிலிருந்தும் டவுன்லோட் செய்து ஒன்றாகச் சேருங்கள். பிறகு ஒவ்வொரு பெயரையும் வெளியிலிருந்து சரிபாருங்கள். டாட் காம் போன்றவற்றுக்குப் பெயரின் பதிவு விவரத்தைக் காட்டும் பழைய ஹூயிஸ் தேடல் கட்டாயம் என்பது 2025 ஜனவரி 28-ஓடு போய்விட்டது. இப்போது அதன் இடத்தில் வந்த ஆர்டாப் தேடல்தான் அதிகாரப்பூர்வம். இதில் அனுபவசாலிகளும் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. டாட் காம் பெயர் காலாவதியான அன்று, எல்லா டாட் காம் பெயர்களின் மூலப் பட்டியலை வைத்திருக்கும் பதிவகமான வெரிசைன் தானாகவே ஓராண்டு கூட்டிவிடும். நீங்கள் காசு கட்டாவிட்டாலும் பதிவகத்தின் பக்கத்தில் அடுத்த ஆண்டுத் தேதி காட்டும். அதைப் பார்த்து 'யாரோ ரினியூ செய்துவிட்டார்கள்' என்று நிம்மதியாக இருந்தால் பெயர் போய்விடும். ரெஜிஸ்ட்ராரின் கணக்கில் உள்ள தேதிதான் உங்களுக்குத் தேதி. இன்னொரு சின்ன விஷயம்: அந்த நேரமெல்லாம் யுடிசி என்னும் உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும், நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தேதி தவறினால் என்ன நடக்கும் என்பதை வாடிக்கையாளர்களுக்கு நாம் சொல்வதே இல்லை. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்த பிறகு 5 நாளுக்குள்ளும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும் என்பது உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி. அதன்பின் அதிகபட்சம் 45 நாள் சலுகைக் காலம். ஆனால் அந்த 45 நாளும் உங்களுக்குச் சொந்தமல்ல. எத்தனை நாள் தருவது என்பது ரெஜிஸ்ட்ராரின் விருப்பம். பலர் பாதியிலேயே ஏலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அழிக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம். அப்போது ரினியூவல் கட்டணத்தோடு மீட்புக் கட்டணமும் சேரும், அது ஆண்டுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. கடைசி 5 நாளில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆறாம் நாள் பெயர் சந்தைக்கு வந்த நொடியில் பிடிப்பதற்கு இயந்திரங்கள் காத்திருக்கின்றன. டாட் இன் பெயருக்கு இந்த விதிகள் பொருந்தாது. அது டாட் இன்னை நிர்வகிக்கும் இந்திய அமைப்பான நிக்ஸியின் கையில் இருக்கிறது, கால அளவை உங்கள் ரெஜிஸ்ட்ராரிடம் எழுத்தில் கேட்டு ஷீட்டில் எழுதிவையுங்கள்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட், ஹாட்மெயிலுக்குள் நுழையப் பயன்பட்ட தன் பாஸ்போர்ட் டொமைனுக்கு 35 டாலர் கட்ட மறந்தது, ஹாட்மெயில் பயனர்கள் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். வெளியாள் ஒருவர் அந்தக் காசைக் கட்டி மீட்டுக் கொடுத்தார். நம் விடுதிக்காரருக்கு அப்படி ஒரு புண்ணியவான் கிடைப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் பரிந்துரை: 90 நாள் முன்பு வாடிக்கையாளரிடம் வைத்துக்கொள்வதா விடுவதா என்று கேளுங்கள், 60 நாளில் பில், 30 நாளில் ரினியூ முடிந்திருக்க வேண்டும். முன்கூட்டிக் கட்டினால் நாள் வீணாகும் என்று பலர் நினைக்கிறார்கள். வீணாகாது. ஓராண்டு என்பது இருக்கும் காலாவதித் தேதியோடு சேரும், கட்டிய தேதியிலிருந்து அல்ல. டாட் காமை ஒரே நேரத்தில் 10 ஆண்டு வரை நீட்டலாம். ஒரு குடும்பத்தின் சோறு ஒரே பெயரில் இருக்கிறது என்றால் அதை 5 ஆண்டுக்குக் குறையாமல் கட்டிவிடுங்கள். பதில் சொல்லாத வாடிக்கையாளர்களை என்ன செய்வது? ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்: எழுத்தில் 'வேண்டாம்' என்று வராதவரை ரினியூ செய்வோம், கட்டணத்தை அடுத்த பில்லில் சேர்ப்போம் என்று. ஆயிரம் ரூபாய் வராமல் போவது, பெயர் போவதைவிட மலிவு.

ஆட்டோ ரினியூ போட்டிருக்கிறோமே என்பவர்களுக்கு: அது பாதி உண்மை. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டில் தானாகப் பிடிக்கும் தொகைக்கு முன்கூட்டியே மேன்டேட், அதாவது பிடித்துக்கொள்ளலாம் என்ற அனுமதி, பதிந்திருக்க வேண்டும். 2022-இல் பொதுவான வரம்பை 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. மேன்டேட் வசதியே இல்லாத வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராரிடம் இந்தியக் கார்டு சத்தமில்லாமல் தோற்றுப்போகும். ஒரே நாளில் காலாவதியாகும் நாற்பது பெயருக்கு ஒரே பில் போனால் வரம்பைத் தாண்டி நாற்பதும் நிற்கும். இதற்குத் தீர்வு, கணக்கில் முன்பணம் ஏற்றிவைப்பதுதான். அடுத்த 90 நாளில் எத்தனை பெயர் வருகிறது, அதற்கு எவ்வளவு ஆகும் என்று ஷீட்டே சொல்லும், அதற்குக் குறையாமல் இருப்பு இருக்கட்டும். விலையைப் பார்க்கும்போது முதலாண்டு விலையைப் பார்க்காதீர்கள். டாட் காமுக்குப் பதிவகமே ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கும் விலையை 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்த்தியது. அதற்குக் கீழே 199 ரூபாய்க்கு ஒருவர் விற்கிறார் என்றால் ரினியூவலில் பிடித்துக்கொள்வார். இலவசமாகக் கிடைத்த டாட் டிகே பெயர்களை நம்பியவர்களுக்கு என்ன ஆனது? அவற்றைக் கொடுத்துக்கொண்டிருந்த ஃப்ரீநாம் 2024 பிப்ரவரியில் டொமைன் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது.

நம் கரைக்கென்று ஒரு நாட்காட்டி வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் வந்தால் மின்சாரமும் டவரும் நாள்கணக்கில் போகும். அதனால் அக்டோபர் முதல் ஜனவரி வரை காலாவதியாகும் எல்லாப் பெயரையும் செப்டம்பர் 30-க்குள் கட்டிவிடுங்கள். ஷீட்டின் பிரதி ஒன்று கரைக்கு வெளியே, பரமக்குடியிலோ மதுரையிலோ, நம்பகமான ஒருவரிடம் இருக்கட்டும். ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பினால் உப்புக்காற்று அதைத் தின்றுவிடும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் ராமேஸ்வரம் விடுதி எதன் நேம்சர்வரிலும் கை வைக்காதீர்கள். அறை தேடி வருகிறவர்கள் அப்போதுதான் தேடுகிறார்கள்.

நேம்சர்வர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் அதிகம் நடக்கும் விபத்து இதுதான். விடுதி வெப்சைட்டை யாரோ புதிதாகச் செய்கிறார். புது ஹோஸ்டிங் 'நேம்சர்வரை மாற்று' என்று சொல்கிறது, மாற்றுகிறார். வெப்சைட் வந்துவிடும், மெயில் நின்றுவிடும். பழைய நேம்சர்வரில் இருந்த எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும்), எஸ்பிஎஃப் (எந்த சர்வர்கள் அந்தப் பெயரில் மெயில் அனுப்பலாம்), டிகேஐஎம் (மெயிலின் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி) பதிவுகள் எதுவும் புதியதில் இல்லை. வெப்சைட்டை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் வெப்சைட் சர்வரைக் காட்டும் ஏ பதிவையும் டபிள்யூ மூன்று போட்ட பெயரின் பதிவையும் மாற்றினால் போதும். நேம்சர்வரைத் தொடவே வேண்டாம்.

உண்மையிலேயே நேம்சர்வரை மாற்ற வேண்டி வந்தால், முதலில் பழைய இடத்தில் உள்ள எல்லாப் பதிவுகளையும் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க வசதி இல்லாவிட்டால் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதுங்கள். புக்கிங் இன்ஜினுக்குத் திருப்பிவிடும் சிநேம் பதிவு, பில்லிங் சாஃப்ட்வேருக்குச் சேர்த்த டெக்ஸ்ட் பதிவு போன்றவை யாருக்கும் நினைவிருக்காது. டிடிஎல், அதாவது ஒரு பதிவை மற்ற சர்வர்கள் எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்னும் எண், 86400 என்று இருந்தால் அது ஒரு நாள். அதை 300 ஆக்கிவிட்டு, பழைய ஒரு நாள் கழியும்வரை காத்திருங்கள். ஆக்கிய உடனே மாற்றினால் குறைத்ததில் பயனில்லை. புது இடத்தில் எல்லாவற்றையும் அமைத்து, அந்த நேம்சர்வரையே நேரடியாகக் கேட்டுப் பழையதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். டிகேஐஎம் சாவி நீளமானது. ஒரு துண்டில் 255 எழுத்துக்கு மேல் போகாது, துண்டாக்கி ஒட்டும்போது ஓர் எழுத்து விட்டுப்போனாலும் கையெழுத்து செல்லாது. எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அதற்குள் 10 தேடலுக்கு மேல் போகக் கூடாது; சேவைக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் பதினொன்றாவதில் மொத்தமும் தோற்கும். பதிவுகளுக்குக் கையெழுத்திடும் டிஎன்எஸ்செக் பாதுகாப்பு போட்டிருந்தால், அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க ரெஜிஸ்ட்ராரிடம் கொடுத்துள்ள டிஎஸ் பதிவை முதலில் நீக்கி, குறைந்தது ஒரு நாள் கழித்து நேம்சர்வரை மாற்றுங்கள். வரிசை தவறினால் சிலருக்குத் திறக்கும், சிலருக்குத் திறக்காது. அதுதான் கண்டுபிடிக்கவே முடியாத பழுது. டாட் காமின் நேம்சர்வர் தகவலைப் பதிவகம் 172800 விநாடிக்கு, அதாவது இரண்டு நாளுக்கு, வைத்துக்கொள்ளச் சொல்கிறது. எனவே பழைய இடத்தை உடனே அழிக்காமல் ஒரு வாரம் விட்டுவையுங்கள்.

வெப்சைட்டின் பாதுகாப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் விஷயத்தில் சுருக்கமாக: கையால் அதை போட்டுக்கொண்டிருக்கும் காலம் முடிகிறது. அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். நூறு பெயருக்கு 47 நாளுக்கொருமுறை கையால் போட ஆள் வைக்க முடியாது, இப்போதே தானியங்கியாக மாற்றுங்கள்.

அடுத்தது, எத்தனை பெயர் வாங்கி வைப்பது. நம் ஊர்ப் பெயர்களே நமக்குச் சோதனை. ராமேஸ்வரத்தை ஆங்கிலத்தில் எஸ் மட்டும் போட்டு எழுதுபவர் உண்டு, எஸ் எச் போடுபவர் உண்டு. கீழக்கரைக்கு ஒரு கே, இரண்டு கே. ஐ ஒன்று, ஈ இரண்டு. தனுஷ்கோடியில் டி-க்குப் பின் எச் உண்டா இல்லையா. இதற்கெல்லாம் டாட் காம், டாட் இன், டாட் கோ டாட் இன் என்று பெருக்கினால் ஒரு விடுதிக்கு இருபது பெயர் வந்துவிடும். அவ்வளவும் வாங்கிக் கொடுப்பது வாடிக்கையாளருக்குச் செலவு, நமக்கு வருமானம். எங்கள் கருத்தில் நான்கு போதும்: போர்டில் உள்ள எழுத்தில் டாட் காமும் டாட் இன்னும், மக்கள் அதிகம் தட்டும் மாற்று எழுத்தில் அவை இரண்டும். மக்கள் எதைத் தட்டுகிறார்கள் என்பதை வரவேற்பு மேசையில் ஒரு வாரம் கேட்டால் தெரியும்.

டாட் இந்தியா என்று தமிழிலேயே முடியும் பெயர்கள் கிடைக்கின்றன. வாங்கலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. உள்ளே அது எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் சேமிக்கப்படுகிறது. ஷீட்டில் இரண்டு வடிவத்தையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் ரெஜிஸ்ட்ரார் பில்லில் உள்ளது எந்தப் பெயர் என்றே தெரியாது. கண்ணை ஏமாற்றும் எழுத்துகளும் நம் மொழியில் இருக்கின்றன. 'ஔ' என்பதை 'ஒ'வும் 'ள'வுமாகத் தட்டலாம், துணைக்காலும் 'ர'வும் சில எழுத்துருக்களில் ஒன்றே, தமிழ் எண் '௧' பார்ப்பதற்கு 'க' மாதிரி. போர்டில் அச்சடிக்கும் முன் அந்தப் பெயரை மூன்று விதமான போனில் தட்டிப் பாருங்கள். அந்தப் பெயரில் மெயில் வைக்க வேண்டாம். வாங்கிக்கொள்ளாத சர்வர்கள் இன்னும் ஏராளம்.

வாங்கிச் சும்மா வைத்த பெயர்களுக்கும் வேலை இருக்கிறது. வெப்சைட் இல்லாத பெயரிலிருந்தும் யார் வேண்டுமானாலும் போலியாக மெயில் அனுப்பலாம். இறால், நண்டு ஏற்றுமதியில் வெளிநாட்டு வாங்குபவருக்கு 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று ஒரு மெயில் போனால் ஒரு கன்டெய்னர் பணம் வேறு கைக்குப் போகும். சும்மா இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று வரி போடுங்கள்: எந்த சர்வருக்கும் அனுமதி இல்லை என்னும் எஸ்பிஎஃப், போலி மெயிலை நிராகரி என்று வாங்கும் சர்வருக்குச் சொல்லும் டிமார்க், மெயில் வாங்குவதில்லை என்று ஒற்றைப் புள்ளியால் சொல்லும் எம்எக்ஸ். நூறு பெயருக்கு ஒரு மாலை நேர வேலை. மெயில் ஓடும் பெயரில் மட்டும் டிமார்க்கை எடுத்த எடுப்பில் நிராகரி என்று வைக்காதீர்கள்; சில வாரம் அறிக்கையை மட்டும் வாங்கிப் பார்த்து, பில்லிங் சாஃப்ட்வேர் அனுப்பும் மெயிலும் சரியாகப் போகிறது என்று உறுதியான பிறகு இறுக்குங்கள்.

வேண்டாத பெயரை விடுவதிலும் முறை இருக்கிறது. மூடிய விடுதியின் பெயரை அப்படியே காலாவதியாக விட்டால், எடுத்தவர் எல்லா மெயிலையும் தன் பெட்டிக்கு வரும்படி செய்துகொள்ளலாம். பழைய மெயிலுக்கு வரும் வங்கி ரீசெட், ஜிஎஸ்டி, புக்கிங் தளக் கணக்கு எல்லாம் அவர் கையில். கூகுள் மேப்பில் பழைய இணைப்பு அப்படியே இருந்தால் அறைக்கு முன்பணம் கட்ட வரும் யாத்ரீகரும் அவர் கையில்தான். விடுவதற்கு முன் அந்த மெயிலில் திறந்த கணக்குகளை எல்லாம் வேறு மெயிலுக்கு மாற்றி, மேப்பிலும் நோட்டீசிலும் நீக்கி, வெப்சைட்டை நிறுத்திய பிறகும் இரண்டு ஆண்டு பெயரை மட்டும் வைத்திருங்கள். ஆகும் செலவு இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள்.

ரினியூவல் நோட்டீஸ் மாதிரியே வரும் மெயில்களைப் பற்றி வாடிக்கையாளரிடம் சொல்லிவையுங்கள். டொமைன் புதுப்பிப்பு என்று தலைப்பிட்டு உள்ளே தேடுபொறிச் சேவைக்குக் காசு கேட்பது ஒரு வகை. உங்கள் பெயரைச் சீனாவில் ஒருவர் பதியப் போகிறார், ஐந்து நாளில் பதில் சொல்லுங்கள் என்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் பதில் தேவையில்லை. 'எங்கள் பில்லில் வராத எதற்கும் காசு கட்டாதீர்கள்' என்ற ஒரு வாக்கியம் போதும்.

கடைசியாக, நாம் பேசத் தயங்கும் விஷயம். வெப்சைட் காசு பாக்கி என்று டொமைனைப் பிடித்துவைப்பது. நம் தொழிலில் இது வழக்கமாகிவிட்டது, அது தவறு. வெப்சைட்டை நிறுத்துங்கள், ஹோஸ்டிங்கை நிறுத்துங்கள், வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பெயர் அவருடையது. ஐகேன் விதிப்படி உரிமையாளர் கேட்ட 5 நாளுக்குள் ரெஜிஸ்ட்ரார், பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோகத் தேவையான மாற்றுக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும். முடிந்துபோன பதிவுக் காலத்துக்கான டொமைன் கட்டணம் பாக்கி என்றால் மாற்றத்தை மறுக்கலாம், டிசைன் பாக்கிக்காக மறுக்க முடியாது. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-இலேயே சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லிவிட்டது. விவகாரம் முற்றினால் உங்கள் பேரில் உள்ள பட்டா உங்களுக்கே வினையாகும்.

பிரிந்து போகிற வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டியவை: லாக் எடுத்த பெயர், மாற்றுக் குறியீடு, டிஎன்எஸ் (நேம்சர்வர்) பதிவுகள் அனைத்தும் அடங்கிய கோப்பு, காலாவதித் தேதி, மாறி முடியும்வரை ஹோஸ்டிங். ரெஜிஸ்ட்ரார் மாறும்போது டாட் காமுக்கு ஓராண்டு கூடும், அதற்கான கட்டணத்தைப் புது இடத்தில் அவரே கட்டுவார். பழைய ரெஜிஸ்ட்ரார் ஒன்றும் சொல்லாவிட்டால் 5 நாளில் தானாக மாறிவிடும், பதற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இதே கட்டு நமக்கு ஏதாவது ஆனால் நம் வீட்டாரும் எடுத்துக் கொடுக்கும்படி உறையில் இருக்க வேண்டும். உறை எங்கே இருக்கிறது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

விடுதி, வியாபாரிகள் சங்க நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: ஜூன் 14-க்குள் ஒவ்வொரு உறுப்பினரும் தங்கள் டொமைனைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு பக்க அச்சு கேட்டு வாங்கட்டும். பெயர், பதிவில் உள்ள உரிமையாளர், பதிவில் உள்ள மெயில், ரெஜிஸ்ட்ரார், காலாவதித் தேதி. ஐந்தே வரி. கொடுக்க நேரமில்லை என்று யாராவது சொன்னால், இரண்டாவது வரியை மட்டும் முதலில் கேளுங்கள்.

இப்படிக்கு,
ராமநாதபுரம், கீழக்கரைப் பகுதியில் டொமைன் பராமரிப்புத் தொழில் செய்வோர் சிலர்